தாய்ப்பால்: தாயின் பொறுப்பு மட்டும்தானா?

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ஸய்யிதினா முஹம்மதின் வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மயீன். அம்மா பஃது.

 

இன்றைய ஜும்ஆவின் தலைப்பு, பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது. "ஹஜ்ரத், இது பெண்கள் பயானில் பேச வேண்டிய விஷயம் அல்லவா? ஆண்கள் நிறைந்த சபையில் இதை ஏன் பேச வேண்டும்?" என்று சிலருக்குத் தோன்றலாம். பாலூட்டுவதைப் பற்றிக் குர்ஆன் விரிவாகப் பேசும் இடத்தைத் திறந்து பாருங்கள். அந்த வசனத்தின் பெரும்பகுதி ஆண்களிடம்தான் பேசுகிறது. எனவே இந்தப் பேச்சு இங்கே, இந்த மிம்பரில்தான் நடக்க வேண்டும்.

அல்பகரா 233: ஒரு வசனம், பல பொறுப்புகள்

அல்பகரா அத்தியாயத்தின் 233-வது வசனத்தில், பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்குத் தாய்மார்கள் முழுமையாக இரண்டு ஆண்டுகள் பாலூட்ட வேண்டும் என்று அல்லாஹ் கூறுகிறான். இந்தப் பகுதி நம் எல்லோருக்கும் தெரியும். "குர்ஆனே சொல்லியிருக்கிறது" என்று மருமகளிடமும் மகளிடமும் எடுத்துச் சொல்வோம். ஆனால் வசனம் அங்கே முடியவில்லை.

அடுத்த வாக்கியத்திலேயே, அந்தத் தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் தருவது தந்தையின் கடமை என்கிறான். அங்கே "தந்தை" என்பதற்கு "வாலித்" என்ற சாதாரணச் சொல்லை அல்லாஹ் பயன்படுத்தவில்லை. "அல்மவ்லூது லஹு" என்கிறான். யாருக்காகக் குழந்தை பெறப்பட்டதோ அவர் என்று பொருள். குழந்தை உன் பெயரில் அழைக்கப்படுகிறது, உன் வம்சம் என்று சொல்லிக்கொள்கிறாய், எனவே அதைப் பாலூட்டி வளர்ப்பவளைத் தாங்கும் பொறுப்பும் உன்னுடையது. விரிவுரையாளர்கள் இந்தச் சொல்லிலிருந்து எடுத்துக்காட்டும் நுட்பம் இது.

தொடர்ந்து, எந்த ஆத்மாவும் அதன் சக்திக்கு மேல் சிரமப்படுத்தப்படாது, குழந்தையைக் காரணம் காட்டித் தாய்க்கும் துன்பம் தரக் கூடாது, தந்தைக்கும் தரக் கூடாது என்கிறான். தந்தை இல்லையென்றால் வாரிசு மீதும் இதே போன்ற பொறுப்பு உண்டு என்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பாலை நிறுத்துவதாக இருந்தால்கூட, இருவரும் மனம் ஒப்பி, கலந்து ஆலோசித்துச் செய்தால் குற்றமில்லை என்கிறான்.

இந்த வசனம் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். இதற்கு முன்னும் பின்னும் தலாக், இத்தா பற்றிய வசனங்கள். மண வாழ்க்கை முறிந்துபோன நிலையிலும், பாலூட்டுகிற பெண்ணுக்கு உணவு கொடு, உடை கொடு, அவளிடம் ஆலோசனை செய் என்கிறது மார்க்கம். அத்தலாக் அத்தியாயத்தின் 6-வது வசனம், பிரிந்துவிட்ட பெண் உங்கள் குழந்தைக்குப் பாலூட்டினால் அதற்கான கூலியையும் கொடுத்துவிடுங்கள் என்கிறது. பிரிந்தவளுக்கே இவ்வளவு என்றால், ஒரே கூரையின் கீழ் வாழும் மனைவிக்கு எவ்வளவு செய்ய வேண்டும்?

மூஸா நபியின் தாய்க்கு வந்த முதல் கட்டளை

ஆண் குழந்தைகளை ஃபிர்அவ்ன் கொன்றுகொண்டிருந்த காலத்தில் மூஸா (அலை) பிறந்தார்கள். அந்தத் தாயின் உள்ளத்தில் அல்லாஹ் போட்ட செய்தியை அல்கஸஸ் அத்தியாயத்தின் 7-வது வசனம் சொல்கிறது. குழந்தையை ஆற்றில் போடு என்பது இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது, அவருக்குப் பாலூட்டு என்பது. வாசலில் கொலையாளிகள் நிற்கும் நேரத்திலும் முதல் வேலை பாலூட்டுவதுதான்.

அதே வசனத்தில், பயப்படாதே, கவலைப்படாதே என்று அந்தத் தாய்க்கு அல்லாஹ் ஆறுதல் சொல்கிறான். குழந்தையை உன்னிடமே திருப்பித் தருவோம் என்று வாக்களிக்கிறான். பாலூட்டும் தாய்க்கு உணவைப் போலவே நிம்மதியும் தேவை. இன்றைய மருத்துவர்களும் இதைச் சொல்கிறார்கள். தாயின் உடலில் பால் சுரந்து வெளியே வருவதற்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வேலை செய்ய வேண்டும். பயம், வலி, மன உளைச்சல் இருந்தால் அது தடைபடும். பெற்றெடுத்தவளை அழவைத்துவிட்டு, "பால் வரவில்லையே" என்று கேட்பதில் நியாயம் இல்லை.

அந்தச் சம்பவத்தில் இன்னொருவரும் இருக்கிறார். மூஸா நபியின் சகோதரி. பெட்டி போகும் வழியைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டே போனவர் அவர்தான். குழந்தை எந்தச் செவிலித்தாயிடமும் குடிக்க மறுத்தபோது, பாலூட்டி வளர்க்கும் ஒரு வீட்டாரை நான் காட்டட்டுமா என்று பேசித் தாயிடமே குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான். பால் கொடுத்தவர் தாய். அதற்கு வழி செய்தவர் மகள். பால் குடிக்கும் குழந்தை இருக்கும் எல்லா வீட்டிலும் இப்படி ஒருவராவது வேண்டும்.

முதல் பால், மார்க்கம் கொடுத்த உரிமை

பிரசவம் ஆனவுடன் சுரக்கும் மஞ்சள் நிறமான, கெட்டியான பாலைச் சீம்பால் என்கிறோம். "அது கெட்ட பால், பீய்ச்சிக் கீழே விடு" என்று சொல்லும் பழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அரபியில் இதற்கு "லிபஉ" என்று பெயர். ஷாஃபிஈ மத்ஹபின் முக்கிய நூலான மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், இந்த முதல் பாலைக் குழந்தைக்குக் கொடுப்பது தாயின் மீது கடமை என்று எழுதியிருக்கிறார்கள். அது இல்லாமல் குழந்தை பெரும்பாலும் பிழைக்காது என்பதையே ஃபுகஹாக்கள் இதற்குக் காரணமாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வேறொரு பெண் பாலூட்ட இருந்தால், தாயைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் அதே மத்ஹபில் உண்டு. ஆனால் முதல் பால் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை.

சோதனைக்கூடங்கள் இல்லாத காலத்தில் நம் இமாம்கள் எழுதியது இது. பிறந்து ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்கிறது. சீம்பால் அளவில் குறைவுதான். பிறந்த குழந்தையின் இரைப்பையும் மிகச் சிறியது. அந்தச் சில துளிகளில் நோயை எதிர்க்கும் சக்தி நிறைந்திருக்கிறது. அறுவை சிகிச்சையில் பிரசவித்த தாயும் பாலூட்டலாம். படுத்த நிலையில் குழந்தையைப் பிடித்துக்கொடுக்க பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால்

குழந்தை பிறந்ததும் பாலுக்கு முன்னால் நம் வீடுகளில் என்னென்னவோ வாய்க்குள் போகிறது. சர்க்கரைத் தண்ணீர், தேன், உரை மருந்து. ஆறு மாதம் வரை, கோடைக் காலத்தில்கூட, குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது. தேன் ஷிஃபா என்பது குர்ஆன் சொன்ன உண்மை. ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் உறுதியாக எச்சரிக்கிறார்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியைத் தாங்கும் சக்தி அந்த வயதுக் குடலுக்கு இல்லை. பெரியவருக்கு மருந்தாக இருப்பது பச்சைக் குழந்தைக்கு ஆபத்தாகலாம்.

நம் ஊர்த் தெருக்களில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, சங்கு அளவில் பால் கறந்து விற்பார்கள். குழந்தைக்குக் குரல் நன்றாக வரும், சளி பிடிக்காது என்று நம்பி நம் வீட்டுப் பெண்களும் வாங்குகிறார்கள். வீட்டுக் கழுதையின் இறைச்சியைக் கைபர் போரின்போது நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அதன் பாலும் இறைச்சியின் சட்டத்தைச் சேர்ந்ததே என்பது பெரும்பாலான அறிஞர்களின் நிலைப்பாடு. அல்லாஹ் தாயின் மார்பில் ஹலாலான உணவை வைத்திருக்கும்போது, குழந்தையின் முதல் நாட்களிலேயே அதன் வயிற்றுக்குள் இதை ஏன் அனுப்ப வேண்டும்?

தஹ்னீக் சுன்னத்தாயிற்றே என்று கேட்பீர்கள். ஆம், சுன்னத்துதான். நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம் பழத்தை மென்று குழந்தையின் மேலண்ணத்தில் தடவினார்கள். தடவுவது வேறு, ஊட்டுவது வேறு. கைகளை நன்றாகக் கழுவிவிட்டு, மிகச் சிறிதளவு தடவினால் சுன்னத் நிறைவேறிவிடும். குறை மாதத்தில் பிறந்த குழந்தை, உடல்நலம் சரியில்லாத குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தஹ்னீக் செய்பவர் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி மணிக்கணக்கில் குழந்தையைப் பட்டினி போடுவதற்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

"பால் போதவில்லை" என்ற ஒரு சொல்

சகோதரர்களே! பாலூட்டல் பெரும்பாலும் நின்றுபோவது ஒரு சொல்லால்தான். மூன்றாம் நாள், நான்காம் நாள் குழந்தை அழும். பார்க்க வந்த யாராவது ஒருவர், "உனக்குப் பால் போதவில்லை போலிருக்கிறதே" என்பார். மாமியும் ஆமாம் என்பார். மாலையில் கணவர் பவுடர் டின்னும் பாட்டிலும் வாங்கிவந்து வைப்பார். அவர் நினைப்பு உதவி செய்வது. ஆனால் அந்தத் தாய்க்கு அது தீர்ப்பாக விழுகிறது. தன்னால் முடியாது என்று அவள் நம்பத் தொடங்கிவிடுகிறாள்.

பால் சுரப்பதில் அல்லாஹ் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான்: குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். பாட்டிலில் வயிறு நிறைந்த குழந்தை தாயிடம் குறைவாகக் குடிக்கும். குறைவாகக் குடித்தால் குறைவாகச் சுரக்கும். இரண்டு வாரத்தில் அந்தச் சொல் உண்மையாகிவிடும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கேட்பது இயல்பு. முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவதும் இயல்பு. ஐந்து நாள் கடந்த குழந்தை ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுமானதாக இருக்கிறது என்று பொருள். சந்தேகம் இருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போய் எடை பாருங்கள். பார்க்க வந்தவரின் வாய்ச்சொல்லை அளவுகோலாக வைக்காதீர்கள்.

குழந்தைகளின் பால் பவுடரையும் பாட்டிலையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. விளம்பரம் தொலைக்காட்சியில் நின்றது. நம் வீட்டுக் கூடத்தில் நிற்கவில்லை.

தயாரிப்பு கர்ப்ப காலத்திலேயே தொடங்க வேண்டும்

ஹஜ்ஜுக்குப் போகிறவருக்கு முன்கூட்டியே வகுப்பு நடத்துகிறோம். நிக்காஹ்வுக்கு ஆறு மாதம் தயாராகிறோம். இரண்டு ஆண்டு நடக்க வேண்டிய ஒரு பெரிய அமலுக்கு, முதல் பிரசவத்திற்குப் போகும் பெண்ணை எந்தத் தயாரிப்பும் இல்லாமல் அனுப்புகிறோம். தொட்டில் வாங்குகிறோம், உடை வாங்குகிறோம். எப்படிப் பால் கொடுப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

கணவன்மார்களே, பரிசோதனைக்கு மனைவியோடு நீங்களும் போங்கள். பிரசவமானதும் குழந்தையை உடனே தாயிடம் கொடுப்பார்களா என்று மருத்துவமனையில் முன்பே பேசிவையுங்கள். மார்பில் ஏதாவது சிரமம் இருந்தால் கர்ப்ப காலத்திலேயே மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லும்படி அவளுக்குத் தைரியம் கொடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, குர்ஆனே பேசிய விஷயம். குழந்தையை எப்படி அணைப்பது, வாயை நன்றாகத் திறந்த பிறகு எப்படிச் சேர்ப்பது என்று செவிலியர்கள் சொல்லித் தருவார்கள். முதல் வாரத்தில் வரும் புண்ணும் வலியும் பெரும்பாலும் குழந்தை சரியாகப் பற்றாததால் வருபவை. பிடிக்கும் முறையைத் திருத்தினால் பல நேரம் சரியாகிவிடும்.

இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். பிரசவத்திற்குப் பின் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்காதீர்கள். முருங்கைக் கீரை, பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு என்று நம் உம்மாக்கள் செய்து கொடுத்தது நல்ல வழக்கம். வயிறாரக் கொடுங்கள். குர்ஆன் சொன்ன "உணவும் உடையும்" இதுதான்.

பாலூட்டும் தாய் ரமளானில் தனக்கோ குழந்தைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சினால் நோன்பைப் பிற்படுத்த அனுமதி இருக்கிறது. திர்மிதி போன்ற நூல்களில் வரும் ஹதீஸ், கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் அல்லாஹ் நோன்பில் சலுகை தந்திருப்பதைச் சொல்கிறது. அல்லாஹ் தந்த சலுகையை, "நாங்களெல்லாம் அப்போது நோன்பு பிடிக்கவில்லையா?" என்று கேட்டு யாரும் பறிக்க வேண்டாம்.

தொழுகையைச் சுருக்கிய நபி

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழவைக்க எண்ணித் தொழுகையைத் தொடங்குவார்கள். பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்கும். அதன் தாய் எவ்வளவு தவிப்பாள் என்று எண்ணித் தொழுகையைச் சுருக்கிவிடுவார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி இது. ஒரு தாயின் தவிப்புக்காக முழு ஜமாஅத்தின் தொழுகையும் சுருங்கியது.

நம் வீட்டு அகீகா நாளை நினைத்துப் பாருங்கள். ஏழாம் நாள். காலையிலிருந்து விருந்தினர். அந்தப் பெண் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை கை மாறிக்கொண்டே இருக்கிறது. அது அழுதால், "கொஞ்சம் பொறு, சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள்" என்கிறோம். நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கினார்கள், நமக்கு விருந்தைச் சுருக்க மனம் வரவில்லை. அகீகா கொடுங்கள், அது சுன்னத். தாய்க்கும் குழந்தைக்கும் கதவு சாத்திய ஓர் அறையைக் கொடுத்துவிட்டுக் கொடுங்கள்.

உமர் (ரலி) மாற்றிய சட்டம்

மதீனாவுக்கு ஒரு வணிகக் கூட்டம் வந்து தங்கியிருந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவில் காவலுக்குப் போனார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. உமர் (ரலி) அவர்கள் அந்தத் தாயிடம் போய், குழந்தையைக் கவனி, அல்லாஹ்வைப் பயந்துகொள் என்றார்கள். மீண்டும் அழுகை. மீண்டும் போய்ச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியிலும் அழுகை நிற்காதபோது கடிந்துகொண்டார்கள். வந்திருப்பவர் யாரென்று அறியாத அந்தப் பெண், இவனுக்குப் பால்குடியை மறக்கடிக்கப் பார்க்கிறேன், இவன் மறுக்கிறான் என்றாள். ஏன் என்று கேட்டார்கள். பால் மறந்த குழந்தைக்குத்தானே உமர் உதவித்தொகை தருகிறார் என்றாள். குழந்தைக்குச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அன்றைய ஃபஜ்ரில் அழுகையால் அவர்களின் கிராஅத்தே மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. உமரால் எத்தனை பிள்ளைகள் மாண்டனவோ என்று வருந்தினார்கள். இனி யாரும் அவசரப்பட்டுப் பாலை நிறுத்த வேண்டாம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். இப்னு ஸஅத் (ரஹ்) அவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதலில் தாயைக் குறை சொன்னார்கள். காரணம் தெரிந்ததும், தவறு தாயிடம் இல்லை, தன்னுடைய சட்டத்தில் இருக்கிறது என்று கண்டார்கள். உடனே மாற்றினார்கள். ஒரு தாய் பாலை நிறுத்தினால் நாமும் இதைத்தான் கேட்க வேண்டும்: அவளை நிறுத்த வைத்தது எது? கடையும் பள்ளிக்கூடமும் நடத்துகிற நம் ஜமாஅத்தார் இதை யோசியுங்கள். 2017 சட்டத் திருத்தத்தின்படி, முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரங்கள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. உங்களிடம் வேலை செய்யும் பெண்ணுக்கு அது கிடைக்கிறதா? திரும்பி வந்தவளுக்குப் பால் எடுக்கவோ கொடுக்கவோ ஓர் ஒதுக்கான இடம் இருக்கிறதா? 2015 முதல் தமிழகத்தின் பேருந்து நிலையங்களில்கூடப் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன.

பால் கொடுக்க இயலாதவள்

எல்லா முயற்சிக்குப் பிறகும் சிலருக்குப் பால் வராமல் போகலாம். சிலருக்கு நோய், சிலருக்கு மருந்து. அவர்களை ஒரு வார்த்தை குத்திப் பேசுவதும் ஹராமான நோவினைதான். மாற்று வழிக்குக் குர்ஆனே அனுமதி தந்திருக்கிறது. நம் நபி (ஸல்) அவர்களுக்கே ஸுவைபாவும் ஹலீமா ஸஅதிய்யாவும் பாலூட்டினார்கள். மருத்துவர் சொல்லும் மாற்றுப் பாலை முறைப்படி கொடுக்கலாம்.

உறவிலோ அண்டை வீட்டிலோ ஒரு பெண் பாலூட்டினால் அவர் பால்குடித் தாயாகிவிடுவார். அவர் பிள்ளைகள் இக்குழந்தைக்குச் சகோதர சகோதரிகள், அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை குடித்தால் இந்த உறவு ஏற்படும், ஹனஃபி மத்ஹபில் ஒரு முறையே போதும். எனவே பெயர், தேதியோடு எழுதிவையுங்கள், இரண்டு குடும்பத்தாரும் தெரிந்துவைத்திருங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும்

பால் குடிக்கும் குழந்தை உள்ள வீட்டுக்காரர்கள், இன்று போய் மனைவியிடம், "நீ சாப்பிட்டாயா? தூங்கினாயா?" என்று முதலில் கேளுங்கள். இரவில் குழந்தை விழித்தால் நீங்களும் எழுந்து துணி மாற்றுங்கள், ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் போனில், "பால் போதுமா?" என்று தினமும் விசாரிப்பதை விட்டுவிட்டு, "நீ நன்றாகச் செய்கிறாய்" என்று சொல்லுங்கள், வீட்டு வேலைக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். பெரியவர்கள், உங்கள் மருமகளுக்கு மகளுக்குச் செய்வதைச் செய்யுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள், கர்ப்பிணிப் பெண்களுக்கும் அவர்களின் கணவர்களுக்கும் ஒரு பெண் மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து வகுப்பு நடத்த ஏற்பாடு செய்யுங்கள். மத்ரஸா கட்டடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, ஒரு முடிவுதான் தேவை.

யா அல்லாஹ்! எங்களைப் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமந்து, பாலூட்டி வளர்த்த எங்கள் தாய்மார்களுக்கு ரஹ்மத் செய்வாயாக! எங்கள் வீடுகளில் பாலூட்டிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு உடல் நலத்தையும் மன நிம்மதியையும் தருவாயாக! மூஸா நபியின் தாயின் கண்ணைக் குளிர்வித்ததைப் போல அவர்களின் கண்களையும் குளிர்விப்பாயாக! அவர்களைத் தாங்கி நிற்கும் ஆண்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.